ஓவனில் ‘செல்ஃப் கிளீன்’ பட்டனை அழுத்துவதற்கு முன்: கடலோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் கட்டுகிற புது வீடுகளில் சுவரில் பதிக்கும் ஓவன் இப்போது சாதாரணமாகிவிட்டது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியோடு கொண்டுவந்து இறக்குவதும் உண்டு. அவற்றில் சிலவற்றில் ‘செல்ஃப் கிளீன்’ என்று ஒரு பட்டன் இருக்கும். வாஷிங் மெஷின் பட்டன் மாதிரி நினைத்து அதைப் பெருநாளுக்கு முந்தின நாள் அழுத்திவிட்டு, வீடெல்லாம் புகையும் திறக்காத கதவுமாகத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவிப்பு யாருக்கும் வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

அந்தப் பட்டன் செய்வது கழுவுதல் இல்லை, எரித்தல். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் ஏறக்குறைய 480 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் சாம்பலாக்குகிறது. நீங்கள் கேக் சுடுவது 180 டிகிரியில். 500 டிகிரியை ஓவனின் உட்சுவர் தாங்கும். உள்ளே எடுக்க மறந்த பொருள் தாங்குமா, பக்கத்து அலமாரி தாங்குமா, கரன்ட் கொண்டுவரும் ஒயர் தாங்குமா என்று பார்ப்பது நம் பொறுப்பு. உப்புக் காற்று படும் வீட்டில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடும்.

1. உங்கள் ஓவன் எந்த வகை?

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இருப்பது மேஜைமேல் வைக்கும் சின்ன ஓவனான ஓடிஜி அல்லது மைக்ரோவேவ். இரண்டிலும் எரித்துச் சுத்தம் செய்யும் வசதி கிடையாது. ஓடிஜியை அதிகபட்சச் சூட்டில் மணிக்கணக்காக ஓடவிட்டால் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் மெல்லிய தகடும் கதவுக் கண்ணாடியும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

பதிக்கும் ஓவனிலும், அடுப்போடு சேர்ந்து வரும் குக்கிங் ரேஞ்சிலும் மூன்று வகை உண்டு.

பைரோலிடிக் என்பது மேலே சொன்ன எரிக்கும் வகை. கதவில் மூன்று அல்லது நான்கு அடுக்குக் கண்ணாடி இருக்கும், தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி இருக்கும், உட்சுவர் வழவழப்பான எனாமல் பூச்சாக இருக்கும். பட்டனில் ‘பைரோ’ என்றோ ‘செல்ஃப் கிளீன்’ என்றோ போட்டிருக்கும்.

ஸ்டீம் கிளீன் வகையில் அடித்தளத்தில் தண்ணீர் ஊற்றி 20 முதல் 30 நிமிடம் ஓடவிட வேண்டும். சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அழுக்கு ஊறும், எரியாது.

கேட்டலிடிக் வகையில் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் சொரசொரப்பான சாம்பல் நிறத் தகடுகள் இருக்கும். விரலால் தடவினால் உப்புத்தாள் போல உரசும். தெறிக்கும் எண்ணெயை அந்தப் பூச்சு 200 முதல் 250 டிகிரியில் மெல்ல எரித்துவிடும்.

வகையைத் தப்பாக எடுத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். ‘செல்ஃப் கிளீன்’ என்று கடைக்காரர் சொன்னது வெறும் ஸ்டீம் கிளீனாக இருக்கலாம். கதவு பூட்டிக்கொள்ளாத ஓவன் பைரோலிடிக் இல்லை. 2 முதல் 8 வரையுள்ள படிகள் பைரோலிடிக் ஓவனுக்கானவை. மற்ற இரண்டையும் பிறகு பார்ப்போம்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் மாடல் எண். கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்திலோ கீழ் இழுப்பறைக்குள்ளோ ஒரு சின்னத் தகடு அல்லது ஸ்டிக்கர் தெரியும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை வீடுகளில் அந்த எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், பிறகு உதிரிப்பாகம் கேட்கவே வழியிருக்காது.

அதே தகட்டில் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் இருக்கும். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நம் ஊர் கரன்டுக்குச் சரி. சவுதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த ஓவனில் 60 மட்டும் போட்டிருந்தால் அதன் குளிர்விக்கும் ஃபேன் இங்கே மெதுவாகச் சுற்றும். சாதாரணச் சமையலுக்கு அது பெரிதாகத் தெரியாது. 500 டிகிரி வைத்து மணிக்கணக்கில் ஓட்டும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றுவது ஆபத்து. அப்படிப்பட்ட ஓவனில் இந்தப் பட்டனைத் தொடாமல் கையால் துடைப்பதே நல்லது.

அடுத்தது மேனுவல். தொலைந்திருந்தால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மூன்றே விஷயத்தை அதில் தேடுங்கள்: கம்பித் தட்டுகளையும் பக்கத் தாங்கிகளையும் கழற்ற வேண்டுமா, எத்தனை மணி நேரம் ஓடும், பூட்டு எப்போது திறக்கும். இந்தக் கட்டுரையும் மேனுவலும் எங்காவது முரண்பட்டால் மேனுவல் சொல்வதையே செய்யுங்கள்.

வாரண்டி அட்டையையும் பில்லையும் எடுத்து வையுங்கள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டு உபயோகத்துக்கான வாரண்டி வியாபார உபயோகத்துக்குப் பொதுவாகச் செல்லாது. சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தால், வருகைக் கட்டணம் எவ்வளவு, பாம்பன் பாலம் தாண்டி வர அதிகம் கேட்பார்களா என்பதையும் போனில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பிளக், ஒயர், எர்த்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கடலோரத்தில் ஓவன் கெடுவதைவிடப் பிளக் கருகுவது சுலபம்.

கேக் சுடும்போது ஓவன் சூடேறியதும் கரன்ட் விட்டுவிட்டுத்தான் ஓடும். செல்ஃப் கிளீனில் முதல் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்வரை ஏறக்குறைய முழுச் சுமையில் ஓடும். 3,600 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 15.6 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்ப் பிளக்குக்கு அதுதான் விளிம்பு. இத்தனை பெரிய ஓவனைப் பிளக்கில் சொருகாமல், மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் தாமிர ஒயர் இழுத்து, 20 ஆம்ப் டிபி சுவிட்ச் (இரண்டு ஒயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக நேரடியாக இணைப்பது நல்லது. அந்த ஒயரில் ஃபிரிட்ஜோ மோட்டாரோ சேரக் கூடாது.

துபாய், சிங்கப்பூர் ஓவன்களில் மூன்று சதுரக் கால் பிளக் இருக்கும். அதற்குள் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். அதை நம் சாக்கெட்டில் பொருத்த விற்கிற மல்டி பிளக் அடாப்டரை ஓவனுக்குப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடு இந்தச் சுமையில் சிவந்துவிடும்.

இனி உப்புக் காற்று செய்யும் வேலை. சாக்கெட் உள்ளே இருக்கும் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இடத்தில் கரன்ட் தடைபட்டுச் சூடாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: ஓவனை 200 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் முதுகில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை எடுக்க வேண்டிய சூடு என்றாலோ, கருகல் வாடை வந்தாலோ, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் கால் கறுத்திருந்தாலோ, சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எர்த் இன்னொரு தலைவலி. நம் கரையோர மணலில் வறட்சிக் காலத்தில் ஈரம் கீழே இறங்கிவிடும், எர்த் சரியாக இறங்காது. ஈரம் இருக்கும் இடத்தில் உப்பு சேர்ந்து இரும்புக் குழாயை அரித்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கரன்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி மெயின் போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி விழுவது நம் பக்கம் அடிக்கடி கேட்கும் புகார். ஹீட்டர் கம்பிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் கரன்ட் கசிகிறது. விழவில்லை என்றாலும் நீண்ட நாள் சும்மா கிடந்த ஓவனை முதலில் 100 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு 200 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டி உலரவிடுங்கள். திரும்பத் திரும்ப விழுந்தால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக இணைத்துக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது உயிர் காக்கும் பெட்டி.

அந்த அரை மணி நேரச் சோதனையிலேயே குளிர்விக்கும் ஃபேனையும் பார்த்துவிடலாம். கதவுக்கு மேலே, பட்டன் பலகைக்குக் கீழே உள்ள நீளமான இடுக்கின் முன் கையை நீட்டினால் வெப்பக் காற்று வர வேண்டும். காற்று வராவிட்டாலும், ‘கிரீச்’ என்று சத்தம் வந்தாலும் ஃபேனின் அச்சில் துரு ஏறியிருக்கிறது என்று பொருள். ஃபேன் சுற்றாத ஓவனில் செல்ஃப் கிளீன் ஓட்டினால் மின்பலகை வெந்துபோகும்.

4. நாளும் நேரமும் காற்றும்

பெருநாள், கிறிஸ்துமஸ், கல்யாணம் எதுவாக இருந்தாலும் குறைந்தது பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஓவனின் ஆயுளில் அது அதிகம் வாடும் நேரம் இதுதான். சூடு மீறினால் கரன்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்டவுட் விழுவதும், பூட்டு மோட்டார் சிக்குவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் நடக்கும். பாகம் வர நாளாகும்.

ஓடும் நேரம் மாடலைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் நான்கு மணி வரை. ஆறி, கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகும். மொத்தம் ஐந்து மணி நேரம் வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும். தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் படுப்பது கூடாது.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளைத் தவிருங்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவு 10 மணி வரை வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் அந்த நேரமும் வேண்டாம். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் ஹீட்டரின் பலம் நான்கில் மூன்று பங்காகிவிடும். ஓவன் வேண்டிய சூட்டுக்கு ஏறாமல் புகை மட்டும் அதிகம் கக்கும், அழுக்கு பாதி எரிந்தும் எரியாமலும் நிற்கும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்குள் எல்லாம் முடியும்.

வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. ஓவனுக்குப் போகும் ஒயர் இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும், வாடை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் மேற்குச் சுவரில் இருந்தால் கச்சான் காலத்தில் அது வெளியே தள்ளும் புகையைக் காற்று உள்ளேயே திருப்பி விடும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஃபேனுக்கு ஒரு சாண் முன்னால் பிடியுங்கள். புகை நேராக வெளியே இழுபட்டால் சரி. தயங்கிச் சுழன்றாலோ முகத்துக்குத் திரும்பினாலோ ஃபேனை நம்பாதீர்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னலையும் அதற்கு எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவைத்து, வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்திவிடுங்கள். சிம்னி இருந்தால் அதிக வேகத்தில் வையுங்கள், அதற்கு முன் அதன் எண்ணெய்க் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

5. உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது

கம்பித் தட்டு, எண்ணெய் வடியும் தட்டு, பக்கத் தாங்கி, இழுக்கும் ரெயில், கறி வெப்பமானி, கிரில் கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். குரோமிய முலாம் பூசிய கம்பிகளை உள்ளே விட்டால் நீலம் பாரித்து மங்கும், பிறகு இழுத்தால் சறுக்காது, உப்புக் காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். எனாமல் பூசிய தட்டு, உள்ளேயே விடலாம் என்று மேனுவல் சொன்னால் மட்டும் விடுங்கள்.

அலுமினியத் தாளைத் தரையில் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டில் எனாமலோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. சிலிகோன் அச்சு, பட்டர் பேப்பர் துண்டு எதுவும் பின்பக்கம் விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான்ஸ்டிக் பூச்சு உள்ள தட்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அந்தப் பூச்சு இந்தச் சூட்டில் சிதைந்து விஷப் புகை விடும்.

எடுத்த கம்பித் தட்டுகளைக் குளியல் தொட்டியிலோ பெரிய அண்டாவிலோ சுடுதண்ணீரில் சலவைச் சோடாவும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலந்து இரவு முழுக்க ஊறப்போட்டால் காலையில் தேங்காய் நாரிலேயே கரி வந்துவிடும். அலுமினியத் தட்டை மட்டும் சோடாவில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

6. கையால் துடைக்க வேண்டியவை

தானாகச் சுத்தமாகும் ஓவனை ஏன் துடைக்க வேண்டும் என்று தோன்றும். மூன்று காரணம்.

முதலாவது எண்ணெய். சாளை மீனையோ தோலோடு கோழியையோ கிரில் செய்தால் தரையில் எண்ணெய் தேங்கியிருக்கும். மெல்லிய பிசுக்கு எரிந்து சாம்பலாகும், தேங்கிய எண்ணெய் தீப்பிடிக்கும். வீட்டை நிறைக்கும் புகையில் பெரும்பகுதியும் இதிலிருந்துதான் வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரத் திரவமும் போதும். ஒட்டுப்பட்ட கட்டிகளை மரக் கரண்டியால் நெம்புங்கள், கத்தி வேண்டாம்.

இரண்டாவது சர்க்கரை, தக்காளி, எலுமிச்சை, பால். கேக்கிலிருந்து வழிந்த சர்க்கரைப் பாகும் மசாலாப் புளிப்பும் எனாமலில் நிரந்தரக் கறையாக வெந்துவிடும்.

மூன்றாவது உப்பும் மணலும். உப்பு 801 டிகிரியில்தான் உருகும், 500 டிகிரியில் எரிந்து சாம்பலாகவே ஆகாது. உப்புப் புரட்டிய மீனிலிருந்து விழுந்த துகளும் ஜன்னல் வழியே வந்த மணலும் அப்படியே கிடக்கும். பிறகு துணியால் அழுத்தித் துடைத்தால் மணல் எனாமலைக் கீறும். முதலில் உலர்ந்த தூரிகையால் கூட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஈரத்துணி போடுங்கள்.

கதவைச் சுற்றி ஓடும் கயிறு போன்ற கேஸ்கெட்டைத் தேய்க்கவோ நனைக்கவோ கூடாது. அது கண்ணாடி இழையால் பின்னியது, கலைந்தால் சூடு வெளியே கசியும். ஆனால் கேஸ்கெட்டுக்கு வெளியே இருக்கும் சட்டத்தையும் கதவின் ஓரத்தையும் கட்டாயம் கையால் துடையுங்கள். அங்கே எரிக்கும் அளவு சூடு வராது, இருக்கும் பிசுக்கு கல்லாக இறுகிவிடும்.

செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. நான்கு பக்கமும் பாருங்கள். சில மாடல்களில் கீழ்ப்பக்கம் காற்று புகுவதற்காகக் கேஸ்கெட்டில் இடைவெளி விட்டே செய்திருப்பார்கள். அதைக் கிழிசல் என்று நினைத்து அடைக்காதீர்கள்.

கடையில் விற்கும் ஓவன் கிளீனர் ஸ்பிரே எதையும் இதற்கு முன் அடிக்கக் கூடாது. அதில் உள்ள காரம் மிச்சமிருந்தால் சூட்டில் எனாமலை அரிக்கும், அதன் ஆவி நெஞ்சை அடைக்கும்.

7. பறவைகளையும் ஆட்களையும் ஒதுக்குங்கள்

கிளி, லவ் பேர்ட்ஸ், புறா எது வளர்த்தாலும் கூண்டோடு வீட்டுக்கு வெளியே, புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வையுங்கள். அடுத்த அறை போதாது. பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. நமக்கு வாடையாகக்கூடத் தெரியாத அளவு புகையே அதைக் கொன்றுவிடும். மறுநாள் வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே கொண்டு வந்தால் போதும்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், வயதானவர் அந்த ஐந்து மணி நேரம் வேறு வீட்டில் இருக்கட்டும். எரியும் கொழுப்பிலிருந்து கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் அக்ரோலினும், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் ‘புகைதானே’ என்று இருந்துவிடாமல் உடனே ஓவனை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுங்கள்.

கேஸ் அடுப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடுங்கள். ஓவனுக்கு மேலே தொங்கும் துணி, எண்ணெய் பாட்டில், பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் அகற்றுங்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் பயந்து பிவிசி அலமாரி போட்டிருப்பவர்கள் இங்கே அதிகம். பிவிசி 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கும். பக்கத்து அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். ஓவனுக்குப் பின்னால் மேனுவல் கேட்கும் இடைவெளி இல்லாமல் தச்சர் அடைத்துப் பொருத்தியிருந்தால், அதைச் சரிசெய்யும் வரை செல்ஃப் கிளீன் வேண்டாம்.

8. ஓட்டுவது, ஆறவிடுவது, சாம்பல் அள்ளுவது

மூன்று அளவு இருந்தால் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகத் துடைத்த ஓவனுக்கு அதிகபட்சம் தேவையே இல்லை. அழுக்கு மிச்சமிருந்தால் இன்னொரு நாள் மறுபடி ஓட்டலாம். உள்விளக்கை அணைத்துவிடுங்கள். உள்ளே 300 டிகிரியை நெருங்கும்போது, சில மாடல்களில் தொடங்கியவுடனேயே, ‘டக்’ என்று பூட்டு விழும். முதல் ஒரு மணி நேரத்தில்தான் புகையும் வாடையும் அதிகம். புது ஓவனில் முதல்முறை கூடுதலாக ஒரு கருகல் வாடை வரும். அது உள்ளிருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சின் பசை எரிவது. இரண்டாம் முறை குறைந்துவிடும்.

கண்ணாடி வழியே உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்க முயலாதீர்கள். காற்று கிடைத்தால் தீ வளரும். ஓவனை அணைத்து, மெயின் போர்டில் அதன் சுவிட்சையும் இறக்குங்கள். மூடிய பெட்டிக்குள் தானாக அடங்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான கண்ணாடி வெடிக்கும். தீ வெளியே வந்தாலோ அலமாரியில் பற்றினாலோ எல்லோரும் வெளியே போய் 101 அல்லது 112 அழையுங்கள்.

நடுவில் கரன்ட் போனால் கதவு பூட்டியபடியே நிற்கும், ஃபேனும் நிற்கும். ஓவன் சுவிட்சை அணைத்து வையுங்கள், ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். கரன்ட் வந்ததும் மறுபடி தொடங்காமல் அன்றைக்கு அதை ஆறவிடுங்கள்.

எல்லாம் முடிந்தும் கதவு திறக்கவில்லை என்றால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். உள்ளே சூடு இருக்கும்வரை பூட்டு விடாது. முழுக்க ஆறிய பிறகும் திறக்காவிட்டால் மெயினை ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். பூட்டு மோட்டார் தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் கொக்கி வளையும், பிறகு கதவையே மாற்ற வேண்டியிருக்கும். ஓவனே உயிரற்றுக் கிடந்தால் தெர்மல் கட்டவுட் விழுந்திருக்கும். அது பின்பக்கம் இருப்பது, டெக்னீஷியன்தான் தொட வேண்டும். அதை மட்டும் மாற்றிவிட்டுப் போகவிடாதீர்கள். ஏன் விழுந்தது, ஃபேனா, பின்னால் இடைவெளி இல்லாததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

திறந்தால் தரையில் சாம்பல் நிறத்தில் லேசான தூள் கிடக்கும். அழுத்தாமல் மெல்லிய தூரிகையால் கூட்டி எடுத்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். வெள்ளைக் கோடுகள் நின்றால் ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் போகும். எஃகு நார் ஆகாது. தாங்கிகளை மாட்டும் முன் கம்பித் தட்டின் ஓரங்களில் சமையல் எண்ணெயை விரல்நுனியால் லேசாகத் தடவினால் சறுக்கும், துருவும் பிடிக்காது. சமைக்கும் முன் 200 டிகிரியில் 20 நிமிடம் வெறுமனே ஓட்டினால் மிச்ச வாடை போய்விடும்.

9. ஸ்டீம் கிளீன் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே எல்லாமே தண்ணீரில் இருக்கிறது. போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் கரையோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஆவியானதும் வெள்ளைப் படிவு தரையில் தங்கும், ஸ்டீல் பாகங்களைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கேன் தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இரண்டும் நல்லது. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊர்களிலும் இதற்கு ஒரு டம்ளர் அல்லது இரண்டு டம்ளர்தான் செலவாகும், பொதுவாக 250 முதல் 400 மில்லி. மேனுவல் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம். ஓவன் ஆறியிருக்கும்போதே ஊற்றுங்கள்.

முடிந்ததும் பக்கவாட்டில் நின்று கதவைத் திறங்கள், ஆவி முகத்தில் அடிக்கும். வெதுவெதுப்பு இருக்கும்போதே துடைத்தால்தான் பிசுக்கு வரும். மிச்சத் தண்ணீரை மூலைகளில் விட்டுவிட்டால் துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, 100 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டிக் காயவிடுங்கள். பழைய கரிக்கு இது போதாது. அதற்கு அரை கப் பேக்கிங் சோடாவை மூன்று ஸ்பூன் தண்ணீரில் குழைத்து, ஹீட்டர் கம்பியில் படாமல் பூசி, இரவு முழுக்க விட்டுத் துடையுங்கள்.

10. கேட்டலிடிக் தகடு இருந்தால்

சோப்பு, ஸ்பிரே, நார் மூன்றும் அதற்கு விரோதி, நுண்துளைகள் அடைபட்டுவிடும். மாதம் ஒருமுறை காலி ஓவனை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தரையும் கதவும் சாதாரண எனாமல்தான், அவற்றைக் கையால் துடைக்க வேண்டும். எவ்வளவு ஓட்டினாலும் தகடு பளபளவென்று பிசுக்காகவே நின்றால் அதன் காலம் முடிந்தது. தகட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

11. செலவும் இடைவெளியும்

பைரோலிடிக் ஒருமுறை ஓட மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 5 யூனிட் ஆகும். கேட்டலிடிக்குக்கு ஒன்று, ஒன்றரை யூனிட். ஸ்டீம் கிளீனுக்கு அரை யூனிட்டுக்குள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை நெருங்கி நிற்பவர்கள் மட்டும் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 500 ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் கூடும். ரீடிங் எடுத்த மறுநாள் ஓட்டினால் அந்தக் கவலை இல்லை.

வாரம் தவறாமல் மீனோ கோழியோ கிரில் செய்யும் வீட்டில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கேக்கும் பன்னும் மட்டும் சுடும் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை போதும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் வெதுவெதுப்பில் ஈரத்துணி போட்டால் இந்த இடைவெளி இன்னும் நீளும். ஓட்டிய தேதி, எவ்வளவு நேரம், அன்றைய மீட்டர் ரீடிங், கண்ணில் பட்ட குறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். சர்வீஸ் ஆள் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.